பள்ளிக்கு வர வேண்டிய காவலர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர் மோதல் செய்தி வரும்போதெல்லாம், பள்ளி வாசலில் நிரந்தரமாகப் போலீசை நிறுத்துங்கள் என்ற குரல் எழுகிறது. புதிதாக ஆள் போடத் தேவையில்லை. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 107-வது பிரிவு, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. அவர் யார், எந்த எண்ணில் கிடைப்பார் என்பதுதான் பல பள்ளிகளுக்குத் தெரிவதில்லை.

அதனால் சாதாரணக் கைகலப்புக்கும் நிலையத்துக்குப் போன் போகிறது. ரோந்தில் இருப்பவர் சீருடையோடு வந்து, எல்லோர் கண்ணெதிரே இரண்டு பையன்களை ஜீப்பில் ஏற்றிப் போகிறார். மாலையில் ‘எழுதி வாங்கிக்கொண்டு’ அனுப்புகிறார்கள். கருணையாகத் தெரியும் இதுவே விதிமீறல். அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளின் 8-வது விதிப்படி, சிறுவரிடம் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்துக் கேட்கக் கூடாது, கைவிலங்கு கூடாது, அலுவலர் சாதாரண உடையில்தான் இருக்க வேண்டும். குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு என்னும் கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகப் புகார் இருந்தாலோ மட்டுமே முதல் தகவல் அறிக்கை. மற்றவை காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிவாகி, குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையோடு சிறார் நீதி வாரியத்துக்குப் போக வேண்டும். வழக்கு முடிந்த பின் அந்தப் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடப் போலீஸ் வெளியிட முடியாது. பெற்றோர் பலருக்கு இது தெரியாததால்தான், கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

கையில் கத்தி இருந்தால் யோசிக்காமல் 112-ஐ அழைக்க வேண்டும், அது வேறு.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப் புகாரில் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. ஆசிரியர் மீதே புகார் என்றால், போலீசுக்குச் சொல்லாமல் பள்ளியே விசாரணை நடத்தி, குழந்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறது. தன்கீழ் பணிபுரிபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், இயன்றவரை பெண் உதவி ஆய்வாளரே பதிய வேண்டும்.

போலீஸ் கட்டாயம் தேவைப்படும் இடம் மதிலுக்கு வெளியே இருக்கிறது. பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்றால் 200 ரூபாய் வரை அபராதம். கடைக்காரர் கட்டிவிட்டு மறுநாளே விற்பார். அதையே சிறுவனுக்குக் கொடுத்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவில் ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. வழக்கை அதில் பதியுங்கள்.

ஒவ்வொரு பள்ளி அறிவிப்புப் பலகையிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலரின் பெயரும் கைபேசி எண்ணும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ம் எழுதப்பட வேண்டும். இடமாறுதலில் அலுவலர் மாறிய அன்றே பெயரையும் மாற்ற வேண்டும்.

– சிறார் வழக்குகளைக் கையாளும் வழக்கறிஞர்கள், மதுரை