கிழக்கு பெர்லினில் கொலை நடத்தியிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நாவலை முழுவதும் படித்துவிட்டேன். உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். கம்யூனிச ஆட்சிக் காலத்தை வைத்துத் துப்பறியும் கதை எழுத ஆசைப்படும் வேறு சிலரும் இதே சந்தேகங்களோடு இருக்கிறார்கள் என்பதால், நீ சரி என்று சொன்ன பிறகு பொதுவில் எழுதுகிறேன். கொலைகாரன் யார் என்று வெளியே விட மாட்டேன், பயப்படாதே.

முதலில் உன் கேப்டனைப் பற்றி. 1979, கம்யூனிச கிழக்கு ஜெர்மனியின் தலைநகரான கிழக்கு பெர்லின், கொலைப் புலனாய்வுப் பிரிவு. மனிதர் இரவில் தடைசெய்யப்பட்ட புத்தகம் படிக்கிறார், கட்சியைத் திட்டுகிறார், மேலதிகாரியிடம் எகிறுகிறார், கடைசியில் உண்மைக்காக வேலையை விடுகிறார். இவர் அந்த நாட்டில் பிறந்தவராகத் தெரியவில்லை. 1990-க்குப் பிறகு மேற்கே எழுதப்பட்ட திரில்லர்களிலிருந்து விசா வாங்காமல் குடியேறியவர். அங்கே குற்றப் புலனாய்வு அதிகாரிகளில் பெரும்பாலோர் கட்சி உறுப்பினர்கள். கேப்டன் பதவிவரை ஒருவர் உயர்ந்திருக்கிறார் என்றால் அந்த அமைப்பை ஓரளவாவது நம்பித்தான் உயர்ந்திருப்பார். போரின் இடிபாடுகளில் வளர்ந்த பையனைப் படிக்க வைத்துச் சீருடை கொடுத்தது அந்த அரசுதான். குறைந்த வாடகையில் வீடு, போகாத வேலை, குழந்தைக்குக் காப்பகம் எல்லாம் அவருக்குப் பிரச்சாரப் போஸ்டர் இல்லை, அன்றாட வாழ்க்கை. அந்த நன்றியையும் அவர் பார்க்கும் பிணத்தையும் ஒரே மண்டைக்குள் வை. கதை தானாகச் சூடு பிடிக்கும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வாசகர்களில் ஒரு தலைமுறைக்குச் சோஷலிச நாடு என்றால் மலிவு விலையில், கெட்டி அட்டையில், மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்திலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்கள்தான். நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் வாங்கிய அந்த வாசகர் உன் நாவலைச் சந்தேகத்தோடுதான் திறப்பார். அவரைச் சமாதானப்படுத்தவும் வேண்டாம், வெறுப்பேற்றவும் வேண்டாம். வாடகையையும் எழுது, ஒட்டுக்கேட்பையும் எழுது.

சரி, உன் துப்புகளுக்கு வருகிறேன். உன் கேப்டனுக்குத் தகவலே கிடைப்பதில்லை. எந்தக் கதவைத் தட்டினாலும் மௌனம், எங்கே தேடினாலும் சூன்யம். உண்மையில் அந்த நாட்டில் தகவலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. காகிதம் மலை மலையாக இருந்தது. யார் எதைத் தெரிந்துகொள்ளலாம் என்பதற்குத்தான் ரேஷன். அந்த நாட்டு ரகசியப் போலீஸான ஸ்டாசி விட்டுப்போன கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் வரும். ஒரு கோடியே அறுபது லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில், 1989-ல் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள், அவர்களுக்கு மேல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய ரகசியத் தகவலாளிகள். இந்த எண்களை நாவலில் போடாதே. கேப்டனின் மேஜையில் அவற்றின் கனம் தெரிந்தால் போதும்.

குடியிருப்புகளில் வீட்டுப் பதிவேடு என்று ஒன்று இருந்தது. மூன்று நாளுக்கு மேல் யார் வந்து தங்கினாலும் அதில் எழுத வேண்டும். மேற்கிலிருந்து விருந்தாளி வந்தால் 24 மணி நேரத்துக்குள். அந்த நோட்டை வைத்திருப்பவர் அதே கட்டடத்தில் குடியிருக்கும் யாரோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருப்பார். துப்பறியும் கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய வரம் என்ன வேண்டும்? முன்னூறு பக்கத்தில் நீ அதை ஒருமுறைகூடத் திறக்கவில்லை.

இப்போது ஒரு உண்மைச் சம்பவம். ஹாலே-நொய்ஸ்டாட் என்று ஒரு புதுநகரம். லொய்னா, பூனா ரசாயன ஆலைத் தொழிலாளர்களுக்காக 1964-லிருந்து கட்டப்பட்டது. தெருக்களுக்குப் பெயர் கிடையாது, கட்டடங்களுக்கு எண் மட்டும். 1981 ஜனவரி 15 அன்று சினிமாவுக்குக் கிளம்பிய ஏழு வயதுப் பையன் வீடு திரும்பவில்லை. இரண்டு வாரம் கழித்து லைப்ஸிக்–ஹாலே ரயில் பாதை ஓரத்தில் ஒரு சூட்கேஸ் கிடைத்தது. உள்ளே அந்தக் குழந்தையின் உடல், கூடவே பழைய பத்திரிகைகள். அந்தப் பத்திரிகைகளில் யாரோ குறுக்கெழுத்துப் புதிர்களைப் பேனாவால் நிரப்பியிருந்தார்கள்.

போலீஸும் ஸ்டாசியும் சேர்ந்து அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரரைத் தேடின. வீடு வீடாகப் போய் எழுதச் சொல்லி வாங்கினார்கள். அரசு அலுவலகங்களில் கிடந்த விண்ணப்பப் படிவங்களைப் புரட்டினார்கள். சேகரித்த பழைய பேப்பர்க் குவியல்களைக் கிளறினார்கள். ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்து மாதிரிகளைப் பார்த்து முடித்தபோது நவம்பர் ஆகியிருந்தது. புதிரை நிரப்பிய பெண்மணி அகப்பட்டார். அவருக்குக் கொலையில் சம்பந்தம் இல்லை. கொலை செய்தவன் அவர் மகளின் காதலன், சம்பவத்தின்போது அவனுக்கு வயது 18. மறு ஆண்டு ஆயுள் தண்டனை விதித்தார்கள்.

இதைப் படிக்கும்போது முதலில் எனக்கு வந்தது பாராட்டு, கூச்சம் அடுத்ததாகத்தான் வந்தது. எந்த ஜனநாயக நாட்டுப் போலீஸுக்கும் ஒரு வட்டாரம் முழுவதின் கையெழுத்தை இப்படி அள்ளிவிட முடியாது. குழந்தையைக் கொன்றவன் பிடிபட வேண்டும் என்று நாமும்தானே விரும்பினோம்? உன் வாசகனையும் இந்த இடத்துக்குக் கொண்டுவா. ஊர் முழுக்கக் கண்காணிப்பது தப்பு என்று தெரிந்தே, இன்னும் கொஞ்சம் கண்காணிக்க மாட்டார்களா என்று அவன் ஏங்க வேண்டும்.

அடுத்தது அதே இயந்திரம் எதிர்த் திசையில் ஓடிய கதை. 1986 நவம்பர் 24, நள்ளிரவு தாண்டிய நேரம். பெர்லின் சுவரின் வடக்குப் பக்கம் ஏணி வைத்து ஏறிய 25 வயதுக் கொத்தனார் ஒருவரை எல்லைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். முறைப்படி நாட்டைவிட்டுப் போக அனுமதி கேட்டுக் கிடைக்காமல் போனவர். ஸ்டாசி அந்த மரணத்தையே இல்லாமல் ஆக்கியது. ஆள் கடத்தும் கும்பலின் உதவியோடு மேற்கே தப்பிவிட்டதாகக் கதை கட்டி, இறந்து போனவரின் பெயரில் கைது வாரண்டும் பிறப்பித்தார்கள். மகன் எங்கேயோ உயிரோடு இருப்பதாக அந்தத் தாய் நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு உண்மை தெரிந்தது 1990-ல், ஆட்சி கவிழ்ந்த பிறகு. உடல் என்ன ஆனது என்பது இன்றுவரை தெரியவில்லை.

எனக்கு இந்த வாரண்டை மறக்க முடியவில்லை. கொலைகாரன் போலித் தடயம் வைப்பது துப்பறியும் கதையில் பழகிப்போன சங்கதி. இங்கே போலித் தடயத்தில் அரசு முத்திரை இருக்கிறது, அதைச் சரிபார்க்க வேண்டியவனும் அரசு ஊழியன். தம்பி, உன் கேப்டன் இந்த இரண்டு மாதிரி வேலையையும் செய்ய வேண்டும். முதல் பாதியில் ஒரு குழந்தைக்காக ஊரையே சலித்தெடுக்கும் மனிதர், இரண்டாம் பாதியில் ஒரு கோப்பில் வரும் தேதி பொருந்தவில்லை என்று கவனித்துவிடுகிறார். அதற்கு மேல் அவர் வேலையை விட வேண்டியதில்லை, வசனம் பேச வேண்டியதில்லை. அந்தத் தேதியைப் பார்த்த பிறகு மறுநாள் காலை அலுவலகத்தில் எப்படி நடந்துகொள்கிறார் என்று எழுது. அரசியல் வாடை அடிக்கும் வழக்குகளை ஸ்டாசியின் புலனாய்வுப் பிரிவே எடுத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வை. உன் கதையில் கேப்டன் கடைசிவரை வழக்கைத் தன் கையில் வைத்திருப்பது நடக்காத காரியம். வழக்கைப் பிடுங்கிக்கொண்ட பிறகு அவருக்கு எஞ்சுவது ஞாபகம் மட்டும்தான்.

தகவலாளியாக வரும் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி எனக்குக் கோபமே வந்தது. குள்ளநரிக் கண், எண்ணெய்த் தலை, சாவித் துவாரத்தில் காது. எம்.ஜி.ஆர். படத்து வில்லனுக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் மரியாதை உண்டு. நிஜத்தில் சிலர் நம்பிக்கையால் சொன்னார்கள், சிலர் மிரட்டப்பட்டு, சிலர் ஒரு சின்னச் சலுகைக்காக, சிலர் தன் பேச்சை உட்கார்ந்து கேட்க மாதம் ஒருமுறை ஒருவர் வருகிறாரே என்பதற்காக. எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த வேரா வோலன்பெர்கர் தன்னைப் பற்றிய கோப்பைப் பார்த்தபோது, ‘டோனால்ட்’ என்ற புனைபெயரில் தன்னைக் காட்டிக்கொடுத்தவர் சொந்தக் கணவரே என்று தெரிந்தது. அவருடைய குழந்தைகளின் தகப்பன். உன் நாவலில் கேப்டனின் மனைவி நல்ல பாத்திரம். அவளை அப்படி ஆக்கு என்று சொல்லவில்லை. வாசகன் அவளைச் சந்தேகிக்காமல் இருக்க முடியாதபடி எழுது, பதில் சொல்லாமல் விடு.

1992-ல் மகள் வந்து அப்பாவின் கோப்பைப் படிக்கும் சட்டகக் கதையைக் குறை. அந்த வருடம் ஜனவரியில் கோப்புகள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதிலிருந்து இந்த உத்தியைப் பயன்படுத்தாதவர்களே குறைவு. வைத்தே தீருவேன் என்றால் ஒன்று செய்: கோப்பு பொய் சொல்லட்டும். தகவலாளியைக் கையாண்ட அதிகாரிக்கும் மேலிடத்துக்குக் கணக்குக் காட்டும் நெருக்கடி இருந்தது. அவரும் கொஞ்சம் புனைவெழுத்தாளர்தான். மகள் அதில் இருப்பதை அப்படியே நம்புவது என்னை உறுத்தியது.

காப்பியைப் பற்றி ஒரு சின்ன விஷயம். 1977-ல் நடக்கும் காட்சியில் உன் பாத்திரங்கள் கப் கப்பாக நல்ல காப்பி குடிக்கிறார்கள். 1975-ல் பிரேசிலில் பனி விழுந்து காப்பித் தோட்டங்கள் கருகின, உலகச் சந்தையில் விலை எகிறியது. டாலருக்குத் தவித்த கிழக்கு ஜெர்மனி மலிவுக் காப்பியை நிறுத்திவிட்டு, பாதிக்குப் பாதி சிக்கரி, தானியம் போன்றவை கலந்த கலவையை விற்றது. ஜனங்கள் கொதித்துப் போனார்கள். கும்பகோணத்துக்காரனான உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்போது மேற்கிலிருந்து உறவினர் அனுப்பும் பார்சலில் வரும் காப்பிப் பொட்டலத்துக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? இறந்தவர் வீட்டு அலமாரியில், மேற்கே உறவினரே இல்லாத அந்த ஆளின் அலமாரியில், உண்மையான காப்பி இருக்கட்டும். நீ வைத்திருக்கும் மைக்ரோஃபிலிமைத் தூக்கிப் போடு.

கடைசியாக, நாவலில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றரைப் பக்கம். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கும் யாழ்ப்பாணத்துப் பையன். அதை ஏன் அவ்வளவு சுருக்கினாய்? எண்பதுகளின் முதல் பாதியில் ஈழத்தமிழர் பலர் வந்த பாதை அது. கிழக்கு பெர்லினில் இறங்கி, இடைவழி விசாவோடு ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ரயில் நிலையம், அங்கிருந்து மேற்கு பெர்லின். பெர்லின் ஒரே நகரம் என்பது மேற்கின் நிலைப்பாடு, அதனால் அந்தப் பக்கம் எல்லைச் சோதனை கிடையாது. 1985-ல் இரண்டு அரசுகளும் பேசி அந்த வழியைத் தமிழர்களுக்கு அடைத்தன.

அந்தப் பையன் எதையோ பார்த்துவிட்டு ரயிலேறிப் போகட்டும். உன் கேப்டனுக்கு இருக்கும் ஒரே சாட்சி, ஒரு ஸ்டேஷன் தள்ளி, நிலாவில் இருப்பது போன்ற தூரத்தில். பூட்டிய அறைக்குள் கொலை என்று நீ போட்டிருக்கும் புதிரைவிட இது நல்ல பூட்டு. இதற்காகக் கதையை 1979-லிருந்து 1984-க்கு நகர்த்த வேண்டியிருக்கும். நகர்த்து. காப்பிக் காட்சி பழைய ஞாபகமாக வரட்டும், கெட்டுப்போகாது.

அப்புறம், அந்தக் கார் துரத்தல். அந்த நாட்டின் சாதாரணக் காரான ட்ராபண்டுக்கு 26 குதிரைத் திறன். பதிவு செய்துவிட்டுப் பத்து வருடத்துக்கும் மேல் காத்திருந்து வாங்கும் வண்டி, பழைய வண்டியைப் புதியதைவிட அதிக விலைக்கு விற்ற நாடு. அப்படி வாங்கிய காரை ஒருவன் சுவரில் மோதித் திருப்புவானா? அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, பையனின் பகுதியை முதலில் எழுதி அனுப்பு. மற்றதைப் பிறகு பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்