கராஜுக்கு வெளியே சாவி சுவிட்ச் மாட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்,

கராஜ் அலாரத்துக்கு வெளிப்பக்கம் ஒரு சாவி சுவிட்ச் மாட்டித் தர முடியுமா என்று கொஞ்ச நாளாகப் பலர் கேட்கிறீர்கள், கடைக்கு நேரில் வந்தும் கேட்கிறீர்கள், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி "இது போதுமா அண்ணே" என்றும் கேட்கிறீர்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறோம். இங்கே பேராக் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியிருக்கும் தோட்டங்களிலும் கராஜ் என்றால் பெரும்பாலும் முன்னால் ஒரு ரோலர் ஷட்டர், வேறு வாசல் கிடையாது. உள்ளே மோட்டார் சைக்கிள், புல்வெட்டும் மெஷின், வெல்டிங் செட் எல்லாம் இருக்கும். ஷட்டரைத் தூக்கிய உடனே சைரன் அடிக்கும் என்பதால் தூக்குவதற்கு முன்பே வெளியிலிருந்து அலாரத்தை அணைக்க வழி வேண்டும், அதற்குத்தான் இந்தச் சுவிட்ச்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். உங்கள் கை எட்டும் இடத்தில் இருக்கும் சாமான் திருடன் கைக்கும் எட்டும். அவன் சுவிட்ச் இருக்கும் பெட்டியைச் சுவரோடு பெயர்த்து எடுத்தாலும் அலாரம் அணையக்கூடாது, அடிக்க வேண்டும். சாவி சுவிட்ச் நல்லதா இல்லையா என்று நாங்கள் பார்ப்பது இதை வைத்துத்தான்.

பழைய முறை ஒன்று இருக்கிறது, சைரனுக்குப் போகும் 12 வோல்ட் வயரை நேராக இந்தச் சுவிட்ச் வழியாகவே இழுத்துவிடுவார்கள். செலவு குறைவுதான், ஆனால் பெட்டியை உடைத்து அந்த வயரை வெட்டினால் கதை முடிந்தது, சைரன் வாயே திறக்காது. அப்படி மாட்டித் தரச் சொன்னால் நாங்கள் செய்ய மாட்டோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெளியே இருக்கும் சுவிட்ச், கராஜுக்குள் இருக்கும் கண்ட்ரோல் பாக்ஸுக்கு, அதாவது அலாரத்தின் மூளைக்கு, சைகை மட்டும்தான் அனுப்ப வேண்டும், முடிவு எடுப்பது உள்ளே இருக்கும் பாக்ஸ்.

சுவிட்சில் இரண்டு வகை. திருப்பி விட்டதும் தானாகத் திரும்பி வரும் ஸ்பிரிங் வகை ஒன்று, திருப்பிய இடத்திலேயே நிற்கும் வகை ஒன்று. நிற்கும் வகையில் சாவித்துளையைப் பார்த்தாலே அலாரம் போட்டிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும், வீட்டில் சாவி மட்டுமே பயன்படுத்துகிறீர்கள் என்றால் அது போதும். ஆனால் மகன் ரிமோட்டில் அணைக்கிறான், அப்பா சாவியில் போடுகிறார் என்றால் சாவித்துளை ஒன்று காட்டும், உள்ளே நிலைமை வேறாக இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஸ்பிரிங் வகைதான் சரி, கூடவே ஒரு சின்ன எல்இடி விளக்கும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் போட்டோமா அணைத்தோமா என்று தெரியாமல் நிற்பீர்கள். எந்த வகை வாங்கினாலும் கண்ட்ரோல் பாக்ஸில் அதே வகை என்று செட் பண்ண வேண்டும்.

பூட்டைப் பாருங்கள். அலமாரிக்குப் போடும் தட்டைச் சாவிப் பூட்டு வெளியில் வேண்டவே வேண்டாம், வட்டச் சாவிப் பூட்டு அதைவிட மேல். கடையில் ஒரே மாடலில் இரண்டு பெட்டியை எடுத்து, சாவியில் அடித்திருக்கும் எண்ணை ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஒரே எண் என்றால் ஒரு சாவி எல்லாப் பெட்டியையும் திறக்கும். மலிவு சாமானில் இது சர்வசாதாரணம், எங்களிடமே வாங்கினாலும் தயங்காமல் பார்த்துக் கேளுங்கள்.

பெட்டியில் ஐபி என்று ஒரு எண் இருக்கும், முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி54 சாரல் தெறிப்பதைத் தாங்கும். போர்ச்சில் ஹோஸ் பிடித்துக் கார் கழுவுகிறவர்கள் ஐபி65 எடுங்கள். அக்டோபர், நவம்பரில் சாயங்காலம் அடிக்கும் மழையைத்தான் உங்களுக்கே தெரியுமே. ஆனால் எந்த எண்ணாக இருந்தாலும் பின்னால் துளை போட்டு அடைக்காமல் விட்டால் வீண்.

மாட்டுகிற வேலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வயர் சுவருக்கு வெளியே ஒரு அங்குலம்கூடத் தெரியக்கூடாது, பெட்டிக்கு நேர் பின்னால் சுவரைத் துளைத்து உள்ளே போக வேண்டும், அந்தத் துளையும் வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து சரிவாக இருக்க வேண்டும், அப்போதுதான் நுழைகிற தண்ணீர் வெளியே வடியும். பெட்டியின் மேல்பக்கமும் இடது வலது இரண்டு பக்கமும் சிலிக்கோன் பூசி, கீழே மட்டும் விட்டுவிடுங்கள். துளைக்குள் அடைப்பதை மறந்தால் எறும்பு குடியேறிவிடும், திறந்து பார்த்தால் கான்டாக்ட் முழுக்க மண்ணும் முட்டையும்தான். திருகாணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

ஆறு கம்பி வயர் இழுக்கச் சொல்லுங்கள்: சுவிட்சுக்கு இரண்டு, விளக்குக்கு இரண்டு, டேம்பருக்கு இரண்டு. டேம்பர் என்பது மூடியைத் திறந்தாலோ பெட்டியைச் சுவரிலிருந்து பெயர்த்தாலோ காட்டிக்கொடுக்கும் குட்டி சுவிட்ச், அதைக் கண்ட்ரோல் பாக்ஸில் 24 மணி நேரமும் விழித்திருக்கும் ஸோனில் (வயர் சேரும் பிரிவில்) சேர்க்க வேண்டும், அலாரம் அணைத்திருந்தாலும் அது வேலை செய்யும். அந்த டேம்பர் லைனின் ரெசிஸ்டரை (கரண்டைக் கொஞ்சம் தடுக்கும் சின்ன உதிரி, அதன் அளவைப் பாக்ஸ் பார்த்துக்கொண்டே இருக்கும்) சாவிப் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். சுலபம் என்று சிலர் அதைக் கண்ட்ரோல் பாக்ஸ் பக்கம் வைத்துவிடுகிறார்கள், அப்புறம் யாராவது அந்த இரண்டு வயரையும் வெளியே ஒட்டவைத்தால் உள்ளே எதுவும் தெரியாது. பெட்டிக்குள் இருந்தால் வெட்டினாலும் ஒட்டினாலும் அளவு மாறும், சைரன் அடிக்கும்.

வேலை முடிந்ததும், யார் மாட்டினாலும் சரி, காசு கொடுப்பதற்கு முன் அலாரத்தை அணைத்துவிட்டு உங்கள் கண் முன்னே அந்த மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சைரன் அடிக்கவில்லை என்றால் வேலை முடியவில்லை. அப்படியே மெயின் சுவிட்சை அடைத்து, கரண்ட் இல்லாமல் பேட்டரியில் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சாவி இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், செம்மண் தூசி அதில் ஒட்டிப் பூட்டே அடைத்துக்கொள்ளும். கிராஃபைட் தூள் கொஞ்சம் போதும், கடைக்கு வந்தால் போட்டுக் காட்டுகிறோம். வரும்போது உங்கள் கண்ட்ரோல் பாக்ஸின் மாடல் எண்ணையும், ஷட்டர் பக்கச் சுவரை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எடுத்த படத்தையும் கொண்டு வாருங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம், அப்போது எங்கள் பையன்களுக்கு நிற்க நேரம் இருக்காது.

அன்புடன்,
உங்கள் அலாரம் கடை, சுங்கை சிப்புட்