ஏர்ல் வாரன் அவர்களுக்கு, அந்த வரைபடங்கள் குறித்து

மதிப்புக்குரிய வாரன் அவர்களுக்கு,

உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு வாரன்களைக் காட்டுகிறார்கள். 1942-இல், ஜப்பானோடு போர் நடந்தபோது, ஜப்பானிய வம்சாவளியினரை மேற்குக் கரையை விட்டு அப்புறப்படுத்தச் சொன்ன கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் ஒருவர். 1954-இல், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ஒன்பது நீதிபதிகளையும் ஒரே குரலில் சொல்லவைத்த அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி இன்னொருவர். நடுவில் எங்கேயோ ஞானம் பிறந்துவிட்டதாம். எனக்கு இது ஒட்டவில்லை. கலிஃபோர்னியாவில் அலமீடா கவுண்டியின், அதாவது அந்த மாவட்டத்தின், பழைய அரசு வழக்கறிஞர் கடைசிவரை உங்களுக்குள் இருந்தார் என்றே நினைக்கிறேன்.

1925-இல் அந்தப் பதவிக்கு வந்தீர்கள். கவுண்டியின் காவல் அதிகாரியான ஷெரீஃபையே லஞ்ச வழக்கில் சிறைக்கு அனுப்பினீர்கள். உங்கள் அப்பா ரயில்வே தொழிலாளி, வேலைநிறுத்தத்தில் சேர்ந்ததற்காக வேலை இழந்தவர். இருந்தும் பாயின்ட் லோபோஸ் கப்பல் கொலை வழக்கில் நீங்கள் தொழிற்சங்கத் தலைவர்களைக் கூண்டில் ஏற்றியபோது, சங்கங்கள் அதைப் பொய்வழக்கு என்றன. 1938-இல் உங்கள் அப்பாவை பேக்கர்ஸ்ஃபீல்டு வீட்டில் யாரோ அடித்துக் கொன்றார்கள். கொலையாளி கடைசிவரை சிக்கவில்லை. ஊரார் வழக்கையெல்லாம் முடித்துவைத்தவரின் சொந்த வழக்கு அப்படியே நின்றுபோனது.

இனி அந்த வரைபடங்களுக்கு வருகிறேன். 1942 பிப்ரவரியில், சான் ஃபிரான்சிஸ்கோவில் விசாரணை நடத்திய நாடாளுமன்றக் குழுமுன் வரைபடங்களோடு போனீர்கள். ஜப்பானியர் நிலம் எங்கெங்கே இருக்கிறது, பக்கத்தில் ரயில் பாதையா, மின்கம்பி வழித்தடமா, விமானத் தளமா என்று மாவட்டவாரியாகக் குறித்த வரைபடங்கள். ஒரு நல்ல வழக்கறிஞரின் தயாரிப்பு. ஆனால் மின்கம்பிக்கு அடியிலும் தண்டவாளத்தை ஒட்டியும் நிலம் மலிவு, ஏழை விவசாயி அங்கேதான் வாங்குவான். அதை எடுத்துச் சொல்லி உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய அது கோர்ட் இல்லையே. நாசவேலை ஒன்றும் நடக்கவில்லையே என்றதற்கு, நடக்காததுதான் மிகவும் கவலைக்குரிய அறிகுறி என்றீர்கள். ஆதாரம் இல்லாததையே ஆதாரமாக்கும் வித்தை! சுமார் 1,20,000 பேர் முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அதே வருடம் நவம்பரில் நீங்கள் கவர்னர் தேர்தலில் ஜெயித்தீர்கள்.

இந்த வித்தை தெரிந்தவர் என்பதால்தான் 1966-இன் மிராண்டா தீர்ப்பை உங்களால் அப்படி எழுத முடிந்தது. காவலில் இருப்பவரை விசாரிக்கும் முன், பேசாமல் இருக்கவும் வக்கீல் வைக்கவும் உரிமை உண்டு என்று போலீஸ் சொல்லியாக வேண்டும் என்ற தீர்ப்பு. வழக்கில் இருந்தது, மிராண்டா என்பவனை அரிசோனா போலீசார் இரண்டு மணி நேரம் விசாரித்து வாங்கிய வாக்குமூலம். சட்ட உரிமைகளை முழுதாக அறிந்தே ஒப்புக்கொள்கிறேன் என்று தாளின் தலைப்பில் டைப் செய்தே வைத்திருந்தார்கள். வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்று அவனிடம் யாருமே சொல்லவில்லை. நீங்கள் போலீஸ் கையேடுகளையே எடுத்துப் பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டினீர்கள்: ஆளைத் தனியாக உட்காரவை, ஒரு அதிகாரி மிரட்டட்டும், இன்னொருவர் தோளில் கை போடட்டும். சட்டப் புத்தகம் மட்டும் படித்தவருக்கு இவ்வளவு கூர்மை வராது. விசாரணையில் அரசுத் தரப்பில் இருந்தவருக்குத்தான் வரும். 5-க்கு 4 என்ற கணக்கில் ஜெயித்தது. மிராண்டா மறுவிசாரணையில் அந்த வாக்குமூலம் இல்லாமலே தண்டனை பெற்றான் என்பதை உங்களைத் திட்டியவர்கள் அதிகம் சொல்வதில்லை.

எனக்குள்ள மனத்தாங்கல் ஒன்றுதான். முகாம்கள் பற்றிய வருத்தத்தை எழுதி வைத்தீர்கள். வீட்டையும் பள்ளித் தோழர்களையும் விட்டுப் பிரிக்கப்பட்ட குழந்தைகளை நினைத்தால் மனசாட்சி உறுத்துவதாகச் சொன்னீர்கள். ஆனால் அந்த நினைவுக்குறிப்புகள் அச்சில் வந்தது 1977-இல், நீங்கள் இறந்து மூன்று வருடம் கழித்து. தலைமை நீதிபதியாகப் பதினாறு வருடம் நாடே உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது ஒரு முறை, எல்லோரும் கேட்கச் சொல்லியிருக்கலாம். முகாமிலிருந்து திரும்பிய அந்தக் குழந்தைகளின் பெற்றோர் பலர் அன்றைக்கு உயிரோடு இருந்தார்கள், ஐயா.

இப்படிக்கு,
உங்கள் தீர்ப்புகளை மதிக்கும் ஒரு வாசகர்