முழங்கால் வலிக்காரிக்கு ஸ்பின் பைக்கை விற்றது குறித்துப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், அடிவாரம், பழனி, திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, வீட்டு உடற்பயிற்சிக் கருவிகள் விற்பனை நிறுவனம்.

பொருள்: பொருத்தமற்ற கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கஸ்டமர் கேர் எண்ணுக்குப் பேசிப் பேசி ஓய்ந்துபோய்த்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அழைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய புகார் எண் தருகிறார்கள். அடுத்த முறை அழைத்தால் பழைய எண் 'தீர்வு காணப்பட்டது' என்று மூடப்பட்டிருக்கிறது. என்ன தீர்வு கண்டீர்கள்? அந்த வண்டி இன்னும் என் வீட்டுக் கூடத்தில்தான் நிற்கிறது. என் வலது முழங்கால் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

எந்த மாடல் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் தயாரித்தது, உங்களுக்குத் தெரியும். 18 கிலோ ஃப்ளைவீல் (மிதிக்கும்போது சுழலும் கனமான சக்கரம்) வைத்த, குனிந்து ஓட்டும் ஸ்பின் பைக். நான் கேட்டது முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, காலை முன்னே நீட்டி மிதிக்கும் ரெக்கம்பண்ட் பைக். இரண்டையும் 'கார்டியோ பைக்' என்ற ஒரே பெயரில் பில் போட்டுவிட்டு, "பில்லில் உள்ளதைத்தானே அனுப்பியிருக்கிறோம்" என்று சொல்வது நியாயமா?

உங்கள் இணையதளத்தில் வாங்குவதற்கு முன் ஒரு படிவம் வருகிறது. வயது, உயரம், எடை, உடல்நலக் குறைவு, உடற்பயிற்சியின் நோக்கம் எல்லாம் கேட்கிறீர்கள். வயது 53, உயரம் 148 சென்டிமீட்டர், இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் தொடக்க நிலை என்று எழுதினேன். நோக்கம் என்ற இடத்தில் எடைக் குறைப்பையோ தசைப் பெருக்கத்தையோ நான் தேர்வு செய்யவில்லை. 'மூட்டுப் பராமரிப்பு' என்பதைத்தான் தேர்ந்தெடுத்தேன். பிறகு உங்கள் ஃபிட்னஸ் ஆலோசகர் தொலைபேசியில் அழைத்தபோது இன்னும் தெளிவாகவே சொன்னேன். பழனி மலைக்கு இழுவை ரயிலிலோ ரோப் காரிலோ போகாமல், முன்போல் படியேறிப் போக வேண்டும், அதற்குக் கால் உறுதிப்பட வேண்டும், அவ்வளவுதான் என் நோக்கம் என்றேன். 600-க்கும் மேற்பட்ட படிகள். படியேறும்போது உடல் எடையைப் போல மூன்று மடங்கு அளவுக்கு முழங்கால் மூட்டில் சுமை விழுகிறது என்றும், தொடையின் முன்பக்கத் தசை வலுவாக இருந்தால்தான் மூட்டு அதைத் தாங்கும் என்றும் என் பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். அதையும் அந்த ஆலோசகரிடம் சொன்னேன். "உங்களுக்கென்றே ஒரு மாடல் இருக்கிறது மேடம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் ரூ. 41,500 கட்டினேன். அந்த உரையாடல் பதிவு செய்யப்படுவதாக உங்கள் அறிவிப்பே சொன்னது. பதிவை எடுத்துக் கேளுங்கள். என் வார்த்தையை நீங்கள் நம்ப வேண்டாம்.

இப்போது கோயம்புத்தூர் ஷோரூமுக்கு என்னை வரவழைத்த கதைக்கு வருகிறேன். எத்தனையோ பேர் எத்தனையோ பேசினார்கள், எல்லாவற்றையும் மறந்துவிடலாம். இதை மறக்க முடியவில்லை.

"பில்லை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள், மாற்றித் தர ஒப்புதல் கொடுத்துவிடுவார்கள்" என்று சொன்னது உங்கள் கஸ்டமர் கேர். பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, வீங்கிய காலோடு உடுமலை, பொள்ளாச்சி வழியாக பஸ்ஸில் உக்கடம் வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து வந்தேன். ஷோரூம் இரண்டாவது மாடியில். லிஃப்ட் பழுது. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்து நின்றால், "ஆன்லைனில் வாங்கியதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்றார் அங்கிருந்த இளைஞர். கையிலிருந்த போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வரச் சொன்னதே உங்கள் நிறுவனம்தான் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த வயதில் உங்களுக்கு எதற்கு ஆன்ட்டி ஜிம் எல்லாம்? காலையில் தெருவில் நாலு சுற்று நடந்தால் போதாதா?"

பக்கத்தில் வேறு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். 53 வயதுப் பெண்ணுக்கு எதற்கு என்று உங்கள் ஊழியர் கேட்கிறார். 53 வயதுப் பெண்ணுக்குத்தான் வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறைகிறது, தசையும் குறைகிறது. உலகச் சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்றும், அது போக வாரம் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றும் கூறியிருக்கிறது. உடற்பயிற்சிக் கருவி விற்கும் கடையில் வேலை செய்பவருக்கு இது தெரிய வேண்டாமா? தெரியாவிட்டாலும், கடை தேடி வந்த வாடிக்கையாளரிடம் பேசும் முறை தெரிய வேண்டாமா?

அந்தக் கடையில் ஜன்னல் ஓரமாக நான் கேட்ட வண்டியே நின்றது. அனுமதி கேட்டுவிட்டு உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். முதுகுக்குச் சாய்மானம் இருந்தது, இருக்கையை முன்னால் இழுத்துக்கொள்ள முடிந்தது, முழங்காலில் வலியே இல்லை. அதன் விலைச்சீட்டில் ரூ. 34,900 என்று எழுதியிருந்தது. எனக்குப் பொருந்தும் வண்டி உங்களிடமே, அதுவும் குறைந்த விலையில் இருக்கும்போது, பொருந்தாததை அதிக விலைக்கு ஏன் தலையில் கட்டினீர்கள்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வண்டி வந்த நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டெலிவரி செய்தவர்கள் பெட்டியை மாடிப்படிக்குக் கீழேயே போட்டுவிட்டுப் போனார்கள். உங்கள் டெக்னீஷியன் வந்துதான் பொருத்தினார். சீட்டைக் கடைசித் துளைவரை இறக்கிய பிறகும் என் கால் கீழ்ப் பெடலை எட்டவில்லை. நுனிவிரலால் தொட்டு, இடுப்பை இரண்டு பக்கமும் ஆட்டித்தான் மிதிக்க முடிந்தது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக, சுமார் 25 முதல் 35 டிகிரி வரை, மடங்கியிருக்க வேண்டும் என்பது சைக்கிள் பயிற்சியின் பாலபாடம். "ஸ்டூல் போட்டு ஏறிப் பழகிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இந்த வகை வண்டியில் நாம் காலை நிறுத்தினாலும் பெடல் நிற்காது. ஃப்ளைவீல் சுற்றும் வேகத்தில் அது காலையும் சேர்த்து இழுக்கும். நிறுத்துவதற்கு நடுவிலிருக்கும் குமிழை அழுத்த வேண்டும். இதை அவர் எனக்குச் சொல்லவே இல்லை. மறுநாள் காலை வலி வந்து நான் காலை நிறுத்தியபோது பெடல் இழுத்த இழுப்பில் வலது முழங்கால் திருகிக்கொண்டது.

"பெட்டியைப் பிரித்துப் பொருத்திய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை" என்கிறீர்கள். பிரித்தது உங்கள் ஆள். பொருத்தியதும் உங்கள் ஆள். பொருத்தாமல் உயரம் சரியாக இருக்கிறதா என்று எந்த மனிதரால் கண்டுபிடிக்க முடியும்?

வண்டியோடு சேர்த்து ரூ. 2,999 வாங்கிக்கொண்டு 'உங்களுக்கென வடிவமைத்த பயிற்சித் திட்டம்' என ஒன்று அனுப்பினீர்கள். முதல் வாரம், முதல் நாளே குதித்து எழும் ஸ்குவாட், பர்ப்பி (குனிந்து கையூன்றிக் காலைப் பின்னே நீட்டி, மறுபடி எழுந்து குதிப்பது), அதன் பிறகு வண்டியில் 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு என எட்டுச் சுற்று. விளையாட்டு வீரர்களுக்கான தபாட்டா முறை இது என்று உடற்கல்வி படிக்கும் என் மகன் பார்த்தவுடன் சொல்லிவிட்டான். மூட்டுத் தேய்மானம் என்று எழுதிக் கொடுத்த ஒருத்திக்கு இதை அனுப்பியவர் அந்தப் படிவத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, படுத்துக்கொண்டு காலை நேராகத் தூக்குவது, ரப்பர் பட்டையைக் கட்டி இழுப்பது, பிறகு குறைந்த இறுக்கத்தில் பத்து நிமிட சைக்கிள் என்று என் பிசியோதெரபிஸ்ட் ஒரு பழைய மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார். அதற்கு அவர் தனியாகப் பணம் வாங்கவில்லை.

உங்களால் என் உடல் ஓராண்டு பின்னுக்குப் போய்விட்டது. இனி இந்தக் கால் பழைய நிலைக்கு வருமா என்ற பயத்திலேயே தூக்கம் போய்விட்டது. இந்தப் பங்குனி உத்திரத்துக்கு ஊரே படியேறியபோது நான் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இதற்கு எந்த ரீஃபண்டும் ஈடாகாது.

ஆனாலும் பகை வளர்க்க நான் விரும்பவில்லை. உங்கள் நிறுவனத்தில் பொறுப்புள்ள ஒருவராவது இதைப் படிப்பார் என்று இன்னும் நம்புகிறேன். வண்டிக்கும் பயிற்சித் திட்டத்துக்கும் கட்டிய ரூ. 44,499-ஐ முழுமையாகத் திருப்பித் தாருங்கள். மருத்துவச் செலவையும் கோவை வந்து போன செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஷோரூம் ஊழியர் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன். அடுத்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடருவேன். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. ரூ. 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமும் கிடையாது. மன உளைச்சலுக்கு மட்டும் ரூ. 2 லட்சம் கேட்பேன், உரையாடல் பதிவை ஆணையத்தின் முன் வைக்கச் சொல்லியும் மனுச் செய்வேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ள வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வண்டியை எடுக்க ஆள் அனுப்பும்போது இரண்டு பேராக அனுப்புங்கள். பள்ளி வேலை நாட்களில் மாலை 5 மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பேன், வருவதற்கு முன் அழைக்கச் சொல்லுங்கள்.

இணைப்பு: பில் நகல், பூர்த்தி செய்த படிவத்தின் நகல், பயிற்சித் திட்டத்தின் நகல், மருத்துவச் சீட்டு, பஸ் டிக்கெட்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
பழனி.