பூ மட்டும் போதாது, இலையும் வேண்டும்

அன்புள்ள கவிதாவுக்கு,

அம்மா எழுதுவது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடத்தில் பட்டாம்பூச்சி வருகிற மாதிரி செடி வைக்க வேண்டும், நர்சரியில் என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். நர்சரிக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடு. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும்.

பூவைத் தேடி வருகிற பட்டாம்பூச்சி தேனைக் குடித்துவிட்டுப் பறந்துவிடும். இலையைத் தேடி வருவதுதான் உன் தோட்டத்தில் தங்கும். ஒவ்வொரு இனமும் தனக்கென்று இருக்கும் சில செடிகளில்தான் முட்டையிடும். அந்தச் செடி கிடைக்காவிட்டால் அதன் புழு வேறு இலையைத் தொடாமல் பட்டினி கிடந்து சாகும். எனவே இருக்கிற இடத்தில் பாதியைத் தேனுக்கும் பாதியைப் புழுவுக்கும் ஒதுக்கு. புழுவுக்கென்று வைத்த செடி ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கும். அது நோயில்லை, அதற்காகத்தான் வைக்கிறோம்.

காலம் முக்கியம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது காட்டுப்பூவுக்கும் பொருந்தும். ஆடியில் விதைத்தால் புரட்டாசியில் பூ வந்துவிடும். ஐப்பசி அடைமழையில் எதுவும் பறக்காது, அதில் மனம் தளராதே. மழை விட்டு வெயில் அடிக்கும் கார்த்திகை, மார்கழியில்தான் இளந்தளிரும் பூவும் ஒன்றாக இருக்கும், பூச்சியும் கூடும். அந்த நேரத்துக்குத் தோட்டம் தயாராக இருக்க வேண்டும் என்பதே கணக்கு.

காலை வெயில் ஐந்தாறு மணி நேரமாவது விழுகிற பக்கமாகப் பார். பட்டாம்பூச்சிக்கு உடம்பில் சூடு ஏறினால்தான் பறக்க வரும். அதற்கு வெயில் படும்படி இரண்டு தட்டையான கல் போட்டு வை. காற்று வீசும் பக்கம் சுவரோ வேலியோ இருந்தால் நல்லது. மண்ணைக் கொத்திக் களை எடுத்தால் போதும். மண்புழு உரம், சாணி உரம் என்று அள்ளிப் போடாதே. இவை வரப்பிலும் பொட்டலிலும் வளர்ந்த செடிகள். உரம் மிஞ்சினால் இலை தழைத்து, தண்டு நீண்டு, முதல் கனமழையிலேயே சாய்ந்துவிடும், பூவும் குறையும்.

முதலில் கிலுகிலுப்பை. காட்டு விதை கிடைக்காவிட்டால் அதே இனத்துச் சணப்பை விதையைப் பசுந்தாள் உரத்துக்கென்று விதைக் கடைகளில் விற்பார்கள், அதையே உனக்கு அனுப்பியிருக்கிறேன். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு செண்டிமீட்டர் ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளியில் ஊன்று. வேர் முடிச்சில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் செடி, உரமே வேண்டாம். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் மஞ்சள் பூ வரும். ஆனால் இதன் அருமை பூவில் மட்டும் இல்லை. காய் காய ஆரம்பித்ததும் ஒரு கிளையை ஒடித்து வாடவிட்டுப் பார். நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் என்ற பட்டாம்பூச்சிகள் வந்து அந்த வாடிய இலையில் உட்காரும். நகத்தால் இலையைச் சுரண்டி, உறிஞ்சுகுழலை நீட்டி அந்த இடத்தை ஈரமாக்கி, கசிகிற சாற்றைக் குடிக்கும். பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாலும் எழாது. வருவதில் பெரும்பாலும் ஆண்தான். அந்தச் சாற்றில் இருக்கும் நச்சுப்பொருளிலிருந்துதான் பெண்ணை ஈர்க்கும் வாசனையை ஆண் பூச்சி தயாரிக்கிறது. இந்தப் பூச்சிகள் பருவமழையை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் சமவெளிக்கும் இடையே கூட்டம் கூட்டமாக நகரும். அந்த நேரத்தில் காய்ந்த கிலுகிலுப்பை இருக்கிற தோட்டத்தில் இறங்காமல் போகாது. அதனால் காய்ந்த செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதே. ஆடு, மாடு மட்டும் மேயாமல் பார்த்துக்கொள், விதையில் நஞ்சு உண்டு.

அடுத்தது எருக்கு. வீட்டில் எருக்கு வைக்கலாமா என்று உன் அத்தை கேட்டால், வெள்ளெருக்காக வை. பிள்ளையாருக்கு உகந்தது, அவர்களே தண்ணீர் ஊற்றுவார்கள். எருக்கில் முட்டையிடும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சிக்கு வெள்ளையும் ஒன்றுதான், ஊதாவும் ஒன்றுதான். வெடித்த காயிலிருந்து பஞ்சு விதையை எடுத்து, பஞ்சை நீக்கி, மணல் கலந்த மண்ணில் மேலாக விதை. தண்ணீர் தேங்கினால் அழுகும். விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டும். மூன்று அடியில் வெட்டிவிடு. வெட்டினால் துளிர்க்கும், அந்தத் துளிர் இலையில்தான் முட்டை விழும். வெட்டும்போது பால் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள். தெறித்தால் கருவிழியைப் புண்ணாக்கும். உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டவே வேண்டாம்.

முட்டை குண்டூசித் தலையைவிடச் சிறிது, வெள்ளையாக, இலைக்கு அடியில் ஒற்றையாக ஒட்டியிருக்கும். மூன்று நாளில் பொரியும். புழு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியோடு, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு வைத்திருக்கும். அது சாப்பிடுகிற விதத்தைக் கவனி. முதலில் இலை நரம்பைக் கடித்து வெட்டிவிடும், பால் அங்கேயே வடிந்து நின்றுவிடும். பிறகுதான் வெட்டுக்கு அப்பால் இருக்கும் பகுதியைத் தின்னும். இரண்டு வாரத்தில் முற்றி, பொன் புள்ளி வைத்த கூட்டுப்புழுவாகத் தொங்கும். அடுத்த ஒரு வாரம், பத்து நாளில் பட்டாம்பூச்சி.

எருக்கில் சாறு உறிஞ்சும் மஞ்சள் அசுவினிப் பூச்சி அப்பும். எல்லாரும் வேப்பெண்ணெய் அடிக்கச் சொல்வார்கள், இயற்கை மருந்துதானே என்பார்கள். அடிக்காதே. வேப்பெண்ணெய்க்கு அசுவினி என்றும் பட்டாம்பூச்சிப் புழு என்றும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. புழு தின்பதை நிறுத்தும், தோல் உரிக்க முடியாமல் சாகும். இலையைத் திருப்பி முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஹோஸில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடு. இரண்டு நாளுக்கு ஒரு தடவை கழுவினால் அசுவினி கட்டுக்குள் இருக்கும். முழுக்க ஒழிய வேண்டிய அவசியமும் இல்லை, பொறிவண்டு வந்து தின்றுகொள்ளும்.

நர்சரியைப் பற்றிச் சொன்னேனே, காரணம் இதுதான். அங்கே செடி பளபளவென்று இருக்கும், ஓர் இலையில்கூடக் கடி இருக்காது. செடிக்குள்ளேயே ஊடுருவி நிற்கும் மருந்து போட்டிருந்தால் வாரக்கணக்கில் இலையிலும் தேனிலும் இருக்கும். புழுவுக்கு வைக்கும் செடியை விதையிலிருந்தோ தெரிந்தவர் வீட்டுக் குச்சியிலிருந்தோ வளர்ப்பதே மேல். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த இலைகளைக் கழித்து, இரண்டு மாதம் துளிர்க்கவிட்டுப் பிறகு தோட்டத்தில் சேர்.

ஆவாரையில் பலரும் ஏமாறுவார்கள். பொன் மாதிரி பூக்கிறது, பட்டாம்பூச்சி மொய்க்கும் என்று நினைப்பார்கள். ஆவாரம்பூவில் தேனே கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதற்கு வண்டும் தேனீயும் வரும். ஆனாலும் ஆவாரையைக் கட்டாயம் வை. கொன்னை வெள்ளையன் இனத்துப் பூச்சிகள் அதன் இலையில் முட்டையிடும். விதைத் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடு. காலையில் உப்பியதை மட்டும் விதை. உப்பாததை உப்புத்தாளில் ஓரமாகத் தேய்த்துத் திரும்ப ஊறப்போடு. ஆணிவேர் ஆழமாகப் போகும் செடி, பிடுங்கி நட்டால் பிழைக்காது. இருக்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடு.

தேனுக்குத் தும்பை. காய்ந்த பூக்கொத்தைத் தாளில் தட்டினால் கறுப்பு விதை கொட்டும். ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு மணல் கலந்து, கீறிவிட்ட மண்மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்து. மண் போட்டு மூடாதே. பூவாளியால் மெதுவாகத் தெளி. எல்லாம் ஒரே சமயத்தில் முளைக்காது, சில அடுத்த மழைக்குத்தான் எழும். ஒரு தடவை வந்துவிட்டால் வருஷா வருஷம் தானாகவே வரும். கூடவே ஊதாப் பொட்டு மாதிரி பூக்கும் பூவாங்குறுந்தலும் முளைத்தால் களை என்று பிடுங்காதே. விரல் நகம் அளவு இருக்கும் நீலச் சிறுபூச்சிகளுக்கு அது போதும். பெரிய சிறகுக்காரர்களுக்கு வெட்சி. அதன் குழாய் நீளம், நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள, அழகி என்று பேர் கொண்ட பெரிய பட்டாம்பூச்சி இனங்கள்தான் அடிவரை குடிக்க முடியும். குட்டை ரகத்தை விட்டு, உயரமாக வளரும் நாட்டுச் சிவப்பு வெட்சியாகக் கேட்டு வாங்கு.

மழைக்குப் பிறகும் தோட்டம் ஓயாமல் இருக்க, சித்திரமூலமும் செம்முள்ளியும் ஓரமாக நடு. இரண்டும் குச்சியில் வரும். சித்திரமூலத்தின் மொட்டில் வரிக்குதிரை மாதிரி அடிச்சிறகு கொண்ட குட்டி நீலம் முட்டையிடும். புழுவைச் சுற்றி எறும்பு நிற்கும். அது காவல், எறும்புக்கு மருந்துக் கோடு போட்டுவிடாதே. அதன் வேர்ச்சாறு தோலைப் பொசுக்கும், கையுறை போட்டுக்கொள். செம்முள்ளிக்கு மஞ்சள் சிறகில் நீலப் பொட்டு வைத்த பூச்சி வரும்.

இடம் மிச்சம் இருந்தால் கருடக்கொடி. சிவப்புடல் அழகியின் புழுவுக்கும் ரோஜா அழகியின் புழுவுக்கும் அந்த இனத்துச் செடிகளை விட்டால் வேறு கதி இல்லை. ஆனால் ஒரே ஒரு கொடியை வைத்துவிடாதே. பத்துப் புழு சேர்ந்தால் ஒரு கொடியை மொட்டையடித்துவிட்டு, மீதி நாளுக்குத் தீனி இல்லாமல் மண்ணில் ஊர்ந்து சாகும். நாலைந்து கொடி வேண்டும், பந்தலோ வேலியோ பிடித்து ஏற விடு. மொட்டையானாலும் வேரிலிருந்து துளிர்க்கும். ஈஸ்வரமூலி என்று நாட்டு மருந்தில் பேர் இருக்கிறதே என்று யாராவது கஷாயம் வைக்கச் சொன்னால் கேட்காதே, சிறுநீரகத்தைக் கெடுக்கிற நஞ்சு அதில் இருக்கிறது.

கறிவேப்பிலைச் செடி எப்படியும் வைப்பாய், இரண்டாக வை. பறவை எச்சம் மாதிரி இலையில் ஒட்டிக் கிடப்பது கறிவேப்பிலை அழகியின் இளம்புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பை நீட்டி நாற்றம் விடும். உனக்கு ஒரு செடி, அதற்கு ஒரு செடி. உன் செடியில் புழு கண்டால் கிளையோடு கிள்ளி மற்றதில் வை.

எதையும் ஒன்றொன்றாகச் சிதறவிடாமல், ஒரே செடியை ஐந்தாறாகச் சேர்த்து நடு. மேலே பறக்கிற பூச்சிக்குத் திட்டாக இருந்தால்தான் தெரியும். சுற்றிச் செங்கல் வரிசை ஒன்று வைத்துவிடு, பக்கத்து வீட்டுக்காரருக்கும் இது புதர் இல்லை, தோட்டம் என்று புரியும். உண்ணிச்செடியை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதே. பட்டாம்பூச்சி மொய்க்கும், உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து வந்து நம் காடுகளையே மூடிக்கொண்டிருக்கிறது, பழத்தைக் குருவி தின்று எங்கும் பரப்பிவிடும்.

அகலத் தட்டில் மணல் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, ஈரமாக வை. உப்புச்சத்தை உறிஞ்ச ஆண் பூச்சிகள் வரும். தண்ணீர் மணலுக்கு மேல் நிற்கக் கூடாது, கொசு முட்டையிடும்.

ஓணானும் குளவியும் புழுவைத் தூக்கும். தடுக்காதே. டப்பாவில் அடைத்துக் காப்பாற்றலாம் என்று நிறையச் சேர்த்தால் நோய் ஒட்டி மொத்தமாகப் போகும். குழந்தை புழுவைத் தொட்டாலும் பயப்பட வேண்டாம், மேலே சொன்ன புழு எதுவும் அரிக்காது. ரோமம் அடர்ந்த கம்பளிப்பூச்சி பெரும்பாலும் அந்துப்பூச்சியின் புழு, அதை மட்டும் தொடாமல் பழக்கு.

2019-இல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் வருமா என்று பேத்தி கேட்டாளாம். அது மலைக்காட்டுப் பூச்சி, வீட்டுத் தோட்டத்தில் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல். வெந்தய வரியன் முட்டையிடுவதை அவளே பார்க்கலாம்.

தை மாதம் வரை கவாத்து செய்யாதே, சருகையும் பெருக்கித் தள்ளாதே. காய்ந்த குச்சியிலும் சருகு மறைவிலும் கூட்டுப்புழு இருக்கும். சணப்பை, ஆவாரை, தும்பை, வெள்ளெருக்கு விதைகளைத் தனித்தனிப் பொட்டலமாகப் பேர் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆவாரையை முதலில் ஊறப்போடு, அதற்குத்தான் நாள் பிடிக்கும்.

அன்புடன்,
அம்மா