பேஸ் வாசித்தது யார்? பாட்டுச் செயலி நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நான் என்ன கேட்கப்போகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டிலும் யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்று செயலியில் போடுங்கள் என மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில். போன வாரம் வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு, சரி, நாலு பேர் படிக்கிற மாதிரியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் மகள் பேஸ் கிதார், அதாவது பாட்டின் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிதார், கற்றுக்கொள்கிறாள். "ரான் கார்ட்டர் வாசித்ததையெல்லாம் தேடிக் கேள்" என்று மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ரான் கார்ட்டர் அமெரிக்க ஜாஸ் இசையில் பேஸ் வாசிப்பவர். உங்கள் செயலியில் தேடினாள். அவர் சொந்தப் பெயரில் போட்ட ஆல்பங்கள் மட்டும் வந்தன. இவ்வளவுதானா என்று சலித்துக்கொண்டு, தனக்குப் பிடித்த ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஆல்பத்தைப் போட்டாள். 1965-இல் வந்த 'ஈ.எஸ்.பி.'. அதில் டபுள் பேஸ் (ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய பேஸ் வாத்தியம்) வாசிப்பவரே ரான் கார்ட்டர்தான்! அதிலுள்ள 'எய்ட்டி ஒன்' என்ற உருப்படி மைல்ஸும் அவரும் சேர்ந்து எழுதியது. இரண்டு மாதமாக அந்த விரல்களைக் கேட்டுக்கொண்டே அந்த மனிதரைத் தேடிக்கொண்டிருக்கிறாள் பிள்ளை. பழைய சிடியின் உள்தாளை எடுத்துக் காட்டினேன். "இதை ஏம்ப்பா செயலியில போடல?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கலாம்.

ரான் கார்ட்டர் யார் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2015 வரை 2,221 பதிவுகளில் வாசித்திருக்கிறார் என்று கின்னஸ்காரர்களே கணக்குப் பார்த்துச் சான்று கொடுத்திருக்கிறார்கள். இசையமைப்பாளர் ஜோபிமின் பிரேசில் இசை, பாடகி ராபர்ட்டா ஃபிளாக்கின் முதல் ஆல்பம், 1991-இல் எ ட்ரைப் கால்டு குவெஸ்ட் குழுவின் ராப், நடுவில் மேற்கத்திய செவ்விசை மேதை பாஹின் இசை வேறு. சிறுவனாகச் செல்லோவில் (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) ஆரம்பித்தவர். கறுப்பினப் பையனுக்குச் செல்லோவில் வாய்ப்பு வராது என்று கண்டு, டெட்ராய்ட்டில் பள்ளிக்கூட நாளிலேயே பேஸுக்கு மாறினார். இப்படிப்பட்டவரின் பெயர், ஆல்பம் அட்டையில் இல்லையென்றால் உங்கள் தேடலிலும் இல்லை.

டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை, அதிரும். கைபேசியின் குட்டி ஸ்பீக்கருக்கு அது எட்டாது. நாதத்தைக் கைபேசி விழுங்குகிறது, பெயரை நீங்கள் விழுங்குகிறீர்கள்.

ரெக்கார்டு கம்பெனிகள் விவரம் தருவதில்லை என்பீர்கள். ஐயா, நான் எத்தனை நிமிடம் எந்தப் பாட்டைக் கேட்டேன் என்று வருஷக் கடைசியில் வண்ண வண்ணமாகக் கணக்கு அனுப்புகிறீர்கள். அறுபது வருடமாக அட்டையில் அச்சாகியிருக்கும் ஐந்து பெயர்களைச் சேர்ப்பதுதான் கஷ்டமா? நம் சினிமாப் பாட்டுகளின் கதை இன்னும் மோசம். அதில் வாயசைத்த நடிகரைக்கூடக் 'கலைஞர்' என்று போடுகிறீர்கள். வயலின் வாசித்தவர், தபேலா வாசித்தவர், பேஸ் வாசித்தவர் எல்லாம் ஆவி போலிருக்கிறது. இதற்கு மாதச் சந்தாவை மட்டும் உயர்த்தத் தெரிகிறது.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு உருப்படிக்கும் கீழே யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்று போடுங்கள். அந்தப் பெயரைத் தொட்டால் அவர் வாசித்த மற்றவையும் வரட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் முடியாது என்றால், மைல்ஸின் குழுவில் ரான் கார்ட்டர் வாசித்த 1963 முதல் 1968 வரையிலான ஆல்பங்களிலிருந்து தொடங்குங்கள். உள்தாள்கள் என்னிடம் இருக்கின்றன. படம் பிடித்து அனுப்பவும் தயார். தயவுசெய்து இந்த முறையாவது ஒரு மனிதர் படித்துப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சந்தா தவறாமல் கட்டும் ஓர் அப்பா