மகள் பிறந்த சேதி

அன்புள்ள மச்சான்,

மகள் பிறந்திருக்கிறாள். 2.9 கிலோ. தாயும் பிள்ளையும் நல்ல சுகம். ஃபோனில ரெண்டு வரி சொன்னதோட விட மனம் வரேல்ல, அதுதான் ஆறுதலா இருந்து எழுதுறன்.

சாமத்தில மனிசிக்கு வயித்துக்குத்துத் தொடங்கிச்சு. 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு அடிக்க, வந்து ஆஸ்பத்திரிக்கு ஏத்திச்சுது. பெறுமாதம் எண்டு பையும் கிளினிக் கொப்பியும் முதலே கட்டி வைச்சிருந்தம். அது எங்கட மிட்வைஃப் அக்காவின்ர சொல். மாதாமாதம் வீடு தேடி வந்து, வயித்தைப் பாத்து, கர்ப்பிணியளுக்குக் குடுக்கிற திரிபோஷா சத்துமா ஒழுங்காச் சாப்பிடுறாளோ எண்டு கேட்டு, காட்டோரத்து ஒழுங்கையளுக்கெல்லாம் மோட்டச்சைக்கிளில தனிய போய் வாற மனிசி. வன்னியில தாய்மார் உயிரோட வீடு திரும்பிறதில அவவைப் போல ஆக்களின்ர உழைப்பு எவ்வளவு எண்டு இப்பதான் கண்ணால கண்டன்.

லேபர் றூமுக்க மாமி போகலாம், நான் போகேலாது. கட்டிலுகள் வரிசையாக் கிடக்கு, நடுவில சீலைத் திரை மட்டும்தான். மற்றப் பொம்பிளையளும் வலியோட கிடக்கிற இடம். நியாயம்தான். ஆனா கத்திற சத்தம் வெளியில கேக்குது மச்சான். அது இவளோ வேற ஆரோ எண்டு பிரிச்சறியேலாமல் நிண்டதுதான் எனக்குப் பெரிய கொடுமை. பக்கத்து வாங்கில ஒட்டுசுட்டான் பெடியன் ஒருத்தன். கதவு அசையேக்கயெல்லாம் ரெண்டு பேரும் எழும்புவம்.

அக்காவின்ர ஞாபகம் வந்துது. 2009 பங்குனியில, கடைசிச் சண்டை நேரம், புதுமாத்தளனில, பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்த நேரம் அவ பிள்ளை பெத்தவா. அத்தானுக்கு வாசலில நிண்டு காத்திருக்கக்கூட வழியில்லை, செல் விழுந்து கொண்டிருந்தது. பிறந்த கையோட பிள்ளையைப் பங்கருக்குக் கொண்டு போனவை. அந்தப் பிள்ளை இப்ப ஏ.எல். படிக்கிறாள். தங்கச்சியைத் தூக்க முதல் ஆளா ஓடி வந்தவள் அவள்தான்.

விடியப்புறம் நேர்ஸ் மிஸ்ஸி வந்து மனிசியின்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டா. துணியால சுத்தின பிள்ளையைக் கையில தந்தா. கண்ணைத் திறந்து என்னைப் பாத்துது. நான் அழுதன். ஒட்டுசுட்டான் பெடியனும் சேந்து அழுதான், அவனுக்கு இன்னும் பிறக்கேல்ல.

பிறகு பாக்க விட்ட நேரம் மனிசி சொன்னாள்: “அம்மா கையைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தவா. எண்டாலும் உங்களைத்தான் தேடினன்.” அது இன்னும் நெஞ்சுக்க நிக்குது. பிள்ளைப்பேறு பொம்பிளையளின்ர காரியம், ஆம்பிளைக்கு அங்க என்ன வேலை எண்டு சித்தப்பா சொல்லுறார். நான் ஒத்துக்கொள்ள மாட்டன். கிளிநொச்சியில 2024இல மகப்பேற்றுக்கெண்டு பெரிய கட்டடம் நெதர்லாந்து உதவியோட திறந்தவை. இனிக் கட்டிற எல்லா இடத்திலயும் ஒவ்வொரு தாய்க்கும் தனி அறை வேணும், விரும்பினால் தகப்பனும் பக்கத்தில நிக்க வேணும். மிட்வைஃப் அக்காவிட்டயும் இதைச் சொல்லிப்போட்டன்.

காசநோய் வராமல் இருக்கப் போடுற பீசீஜீ ஊசி போட்டுத்தான் வீட்ட விட்டவை. 42 நாளுக்குள்ள பதிவு செய்ய வேணும், பேர் இன்னும் முடிவாகேல்ல. ‘க’வில தொடங்கிற நல்ல தமிழ்ப் பேர் இருந்தாச் சொல்லு.

கனடாவில உன்ர மகன் பிறக்கேக்க நீ உள்ளுக்க நிண்டனீ. எந்தப் பக்கம் நிண்டனீ, மனிசிக்கு என்ன சொன்னனீ, பயந்தனியோ, எல்லாத்தையும் ஒண்டும் விடாமல் எழுது. மனிசியும் கேக்கிறாள்.

அன்புடன்,
உன்ர மச்சான்